பெயரை எடுப்பதா, போடுவதா: சேலத்துக் கல்லூரி ஒன்றின் எழுத்துப் பயிற்சி, இனவரைவியல் வகுப்புகள்

இந்த ஆய்வில் வரும் கல்லூரி சேலம் நகரத்தில் இருக்கிறது. பெயர் வேண்டாம். இளங்கலை மூன்றாம் ஆண்டில், 2025 ஜூனில் தொடங்கிய பருவத்தில், எங்களுக்கு இரண்டு தாள்கள் ஒட்டினாற்போல் வந்தன. செவ்வாய்க்கிழமை எழுத்துப் பயிற்சி, வியாழக்கிழமை இனவரைவியல், அதாவது மக்களோடு இருந்து அவர்கள் வாழ்க்கையைப் பார்த்து எழுதும் படிப்பு. முதலாவதை எடுத்தவர் தமிழ்த்துறை சார். இரண்டாவதை எடுத்தவர் சமூகவியல் மேடம். பருவ முடிவில் இரண்டுக்கும் சேர்த்து ஒரே கள அறிக்கை கொடுத்தால் போதும் என்று துறையில் முடிவு செய்தார்கள். பாதி வேலை மிச்சம் என்று வகுப்பே சந்தோஷப்பட்டது. அந்த ஒரே அறிக்கையிடம் இரண்டு வகுப்பும் நேர் எதிரான விஷயங்களைக் கேட்கும் என்று அப்போது யாருக்கும் தோன்றவில்லை.

நானும் அந்த வகுப்பில் ஒரு மாணவி. என் அறிக்கை தட்டுவடை செட் கடைகளைப் பற்றியது. அதில் சொல்லும்படி பெரிதாக எதுவும் நடக்கவில்லை, சாப்பிட்டதுதான் மிச்சம். இங்கே நான் எழுதுவது வகுப்புத் தோழர்கள் இருவரின் அறிக்கைகள் எப்படி உருவாயின என்பதை. இருவரும் இதைப் படித்தார்கள். எடுக்கச் சொன்ன இடங்களை எடுத்துவிட்டேன்.

செவ்வாயும் வியாழனும்

செவ்வாய்க்கிழமை வாரம் ஒரு பக்கம், கையால், வகுப்பிலேயே உட்கார்ந்து எழுத வேண்டும். பன்னிரண்டாம் வகுப்பு வரை முன்னுரை, பொருளுரை, முடிவுரை என்று தலைப்புப் போட்டு அடிக்கோடிட்டு வளர்ந்த கூட்டம் நாங்கள். முதல் சில வாரங்களில் எல்லார் பக்கமும் “எனவே நாம் அனைவரும்” என்றுதான் முடிந்தது. சார் அந்தக் கடைசிப் பத்தியைப் படிக்கவே மாட்டார், குறுக்கே ஒரு கோடு போட்டுவிட்டு அடுத்த தாளுக்குப் போய்விடுவார். “பரபரப்பான கடைவீதி” என்று ஒருவன் எழுதியிருந்தான். லீ பஜாரா, செவ்வாய்ப்பேட்டையா, எத்தனை மணி, மூட்டையை ஏற்றுகிறார்களா இறக்குகிறார்களா, கூலி மூட்டைக்கா நாளுக்கா என்று ஓரத்தில் வரிசையாகக் கேள்விகள். அவருக்கு வேண்டியது ஒன்றுதான்: படிக்கிறவர் அந்த இடத்துக்கு வழி கேட்காமல் போய்ச் சேர வேண்டும்.

வியாழக்கிழமை மேடம் மாலினோவ்ஸ்கி என்ற மானிடவியலாளரில் தொடங்கினார். 1915 முதல் 1918 வரை நியூ கினி பக்கத்து டிரோப்ரியாண்ட் தீவுகளில் தங்கி, அங்கிருந்த மக்களின் மொழியைக் கற்று, நாள்தோறும் குறிப்பெழுதி, களப்பணி என்றால் இப்படித்தான் என்று ஒரு வழியைப் போட்டவர். அவர் 1942இல் இறந்தார். அவருடைய சொந்த டைரி 1967இல் அச்சில் வந்தபோதுதான், தான் வாழ்ந்த மக்கள்மீது அவருக்கு எவ்வளவு எரிச்சல் இருந்தது என்று வெளியே தெரிந்தது. இதைச் சொல்லிவிட்டு மேடம் எங்களை இரண்டு நோட்டு வாங்கச் சொன்னார். ஒன்று கல்லூரிக்கு, இன்னொன்று நமக்கு. இரண்டாவதை யாரிடமும் காட்டக் கூடாது, தனக்கும் காட்டக் கூடாது என்றார். பாதிப் பேர் ஒரே நோட்டை நடுவில் மடித்து வைத்துக்கொண்டோம்.

அடுத்து வந்தவர் நம் நாட்டு மானிடவியலாளர் எம்.என்.சீனிவாஸ். 1948இல் மைசூர்ப் பக்கம் ஒரு கிராமத்தில் தங்கிக் குறிப்பெடுத்தார். 1970இல் அமெரிக்காவில் ஸ்டான்ஃபோர்டில் இருந்தபோது, யாரோ தீ வைத்ததில், அந்தக் குறிப்புகளிலிருந்து அவர் தொகுத்து வைத்திருந்த பிரதிகளெல்லாம் எரிந்தன. பிறகு பெரும்பாலும் நினைவை வைத்தே எழுதினார், 1976இல் நூல் வெளியானது. வகுப்பில் எல்லாரும் “பேக்கப் எடுக்கலையா” என்று சிரித்தார்கள். மேடம் காட்ட வந்தது தீயை அல்ல. அந்த நூலில் கிராமத்தின் பெயர் ராம்புரா. அது புனைபெயர், உண்மையான ஊர் கொடகஹள்ளி. இது இன்றைக்கு மானிடவியல் படிக்கிற எவருக்கும் தெரியும். பெயரை மாற்றினால் ஆளை மறைத்துவிட்டோம் என்று நினைக்காதீர்கள் என்பதுதான் அவர் சொல்ல வந்தது. அந்த வாரம் அது எங்கள் யார் காதிலும் விழவில்லை.

கொலுசுப் பத்தி

சேலத்தில் கொலுசு வேலை செவ்வாய்ப்பேட்டை, பனங்காடு, சிவதாபுரம், பள்ளப்பட்டி என்று பல இடங்களில் வீட்டுக்கு வீடு நடக்கிறது. வெள்ளியை உருக்கிக் கம்பி இழுப்பது ஒரு பட்டறை, சங்கிலி பின்னுவது இன்னொன்று. சலங்கை கோப்பது, பற்றவைப்பது, மெருகு போடுவது என்று ஒரு ஜோடிக் கொலுசு பல கைகள் மாறித்தான் கடைக்குப் போகிறது. அந்தப் பகுதிகளில் ஒன்றிலிருந்து வருகிறவள் என் தோழி. எது என்று சொல்லப் போவதில்லை. அவள் அப்பா பட்டறையில் வேலை செய்கிறார். அம்மா வீட்டிலேயே குறடு வைத்து வளையம் அடைத்துச் சலங்கை கோக்கிறார்.

அவள் முதலில் எழுதிய பத்தி இது: “எங்கள் தெருவில் ஆண்கள் பட்டறையில் வேலை செய்கிறார்கள். பெண்கள் மதியம் ஓய்வாக இருக்கும்போது சலங்கை கோக்கிறார்கள். இதனால் குடும்பத்துக்குக் கூடுதல் வருமானம் கிடைக்கிறது.” செவ்வாய்க்கிழமை சார் “எத்தனை மணி?” என்று மட்டும் எழுதியிருந்தார். வியாழக்கிழமை மேடம் வேறு மாதிரி கேட்டார்: “உன் அம்மா மதியம் ஓய்வாக இருந்ததை நீ எப்போது பார்த்தாய்?”

அவள் சிரித்துவிட்டாள். அப்புறம் ஒரு சனிக்கிழமை வீட்டில் கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டே உட்கார்ந்திருந்தாள். அதிலிருந்து வந்த பத்தி முற்றிலும் வேறு. அம்மா காலை ஒன்பதரைக்கே குறட்டை எடுத்துவிடுகிறார். உலையில் அரிசி போட்டுவிட்டு வந்து கோக்கிறார், வடிக்க எழுந்து போகிறார், மறுபடி உட்காருகிறார். தண்ணீர் வரும் நேரத்துக்கு எழுந்திருக்கிறார். தம்பி டியூஷனிலிருந்து வரும்போதும் மடியில் தட்டு இருக்கிறது. சமையல்தான் வேலைக்கு நடுவில் நடக்கிறது. பிறந்ததிலிருந்து அந்த வீட்டில் வளர்ந்தவள் இதைப் பார்த்தது அன்றைக்குத்தான். மாலினோவ்ஸ்கிக்குத் தீவு புதிது, பார்த்ததெல்லாம் கண்ணில் பட்டது. எங்களில் பலர் போன கள இடம் எங்கள் சொந்த வீடு. அங்கே எதைப் பார்க்க வேண்டும் என்று வெளியிலிருந்து ஒருவர் கேட்டால்தான் தெரிகிறது.

பத்தி வாரா வாரம் நீண்டது. வெள்ளி எப்படி வீட்டுக்கு வருகிறது? டப்பாவில், எடை போட்டு. திரும்பிப் போவதும் எடை போட்டுத்தான். வேலையில் கொஞ்சம் சேதாரம் போகும், அதற்கு ஒரு கணக்கு உண்டு. அதைத் தாண்டிக் குறைந்தால் கூலியில் பிடிப்பார்கள். அதனால்தான் வேலை முடிந்ததும் பாயை உதறி, தரையைக் கூட்டி, குப்பையில் மினுக்கினதை எல்லாம் அம்மா பொறுக்குகிறார். பருவம் தொடங்கும்போது கிலோ வெள்ளி 1,10,000 ரூபாய்க்குக் கொஞ்சம் மேலே இருந்தது. தீபாவளிக்கு முன்பே 1,50,000ஐத் தாண்டிவிட்டது. ஒரு கிராம் குறைந்தாலே 150 ரூபாய்க்கு மேல். முன்பு யாரும் பெரிதாக எடுத்துக்கொள்ளாத குறைவுக்கெல்லாம் இப்போது தெருவில் சத்தம் கேட்டது.

அந்தச் சத்தம் அவள் வீட்டுக்கும் வந்தது. ஒரு டப்பா திரும்பிப் போனபோது எடை குறைகிறது என்று கூலியில் பிடித்தார்கள். அடுத்த முறை அம்மா, டப்பாவை எடுத்துக்கொண்டு போகும் வழியில் தெரிந்த கடைத் தராசில் ஒரு தடவை வைத்துப் பார்த்தார். அங்கே சரியாக இருந்தது. வேலை கொடுக்கும் இடத்துத் தராசில் குறைந்தது. அம்மா எதுவும் பேசாமல் வந்துவிட்டார். தோழி இதை ஒரு பக்கத்தில் எழுதினாள். தராசுத் தட்டில் டப்பாவை வைக்கும்போது அம்மா முந்தானையால் அதன் அடியைத் துடைத்தார் என்று ஒரு வரி அதில் இருந்தது. சார் அந்தப் பக்கத்தை வகுப்பில் சத்தமாகப் படித்தார். பருவம் முழுக்க அவர் அப்படிப் படித்தது அந்த ஒன்றைத்தான்.

வியாழக்கிழமை மேடம் அதே பக்கத்தைக் கையில் வைத்துக்கொண்டு கேட்டார்: “இதை டப்பா கொடுக்கிறவர் படிச்சா?”

“அவர் இதெல்லாம் படிக்க மாட்டார் மேடம்.”

“அவர் வீட்டுப் பொண்ணு நம்ம காலேஜ்ல சேர்ந்தா?”

அன்று மாலை அவள் அம்மாவுக்கு அந்தப் பக்கத்தைப் படித்துக் காட்டினாள். அம்மா முதலில் கூலிக் கணக்கில் ஒரு தப்பைத் திருத்தினார். குறடு தன்னுடையது, பட்டறை கொடுத்தது இல்லை என்றார். அப்புறம்தான் சொன்னார்: “எல்லாம் நெசந்தான் கண்ணு. இத எழுதிப்புட்டா நாளைக்கு டப்பா வருமா?”

மலையில்

இன்னொருவன் சேர்வராயன் மலைக் கிராமத்திலிருந்து வருகிறவன், சேலத்தில் ஹாஸ்டல். மலையாளி பழங்குடியைச் சேர்ந்தவன், கேரளத்து மலையாளி இல்லை, தமிழ் பேசும் மலைவாழ் சனம். முதல் வருஷம் ஹாஸ்டலில் அவனிடம் ஓணத்துக்கு ஊருக்குப் போகலையா என்று கேட்டவர்கள் உண்டு. இத்தனைக்கும் அந்த மலையில் இருக்கும் ஏற்காடு இங்கிருந்து இருபது கொண்டை ஊசி வளைவுத் தூரம்.

அவன் நூலகத்தில் தேடிப் பார்த்தது எட்கர் தர்ஸ்டனின் தொகுதிகளை. சென்னை அருங்காட்சியகத்தின் கண்காணிப்பாளராக இருந்தவர். தலையளவு, மூக்களவு எடுக்கும் கருவியோடு ஊர் ஊராகப் போனவர். ரங்காச்சாரியின் துணையோடு 1909இல் ஏழு தொகுதிகள் வெளியிட்டார். நான்காம் தொகுதியில் மலையாளிகளைப் பற்றி வருகிறது. காஞ்சிபுரத்திலிருந்து வந்தவர்கள், மூன்று அண்ணன் தம்பிகள் ஆளுக்கொரு மலைக்குப் போனார்கள் என்ற கதையும் அதில் உண்டு. தன் சனத்தைப் பற்றி அச்சில் அவன் படித்தது அதுதான் முதல் முறை. படித்துவிட்டு வகுப்பில் சொன்னது: “எல்லா வரியிலும் ‘இவர்கள்’னு இருக்குது மேடம். ஒரு ஆள் பேர்கூட இல்ல.” அந்தத் தொகுதிகளில் உள்ள படங்கள் பலவற்றுக்குக் கீழேயும் ஆளின் பெயர் இருக்காது, குலத்தின் பெயர்தான் இருக்கும்.

அவன் தாத்தாவிடம் உட்கார்ந்து மூன்று அண்ணன் தம்பிக் கதையைக் கேட்டான். தாத்தா அதை இரண்டு நிமிஷத்தில் முடித்துவிட்டு எஸ்டேட் கதைக்கு வந்துவிட்டார். சேர்வராயன் மலைக்குக் காப்பி வந்தது 1820களில், கலெக்டராக இருந்த காக்பர்ன் காலத்தில். தாத்தாவின் கதையோ அவர் சிறு வயதில் ஒரு எஸ்டேட்டில் நிழலுக்கு சில்வர் ஓக் கன்று நட்டதில் தொடங்குகிறது. அந்த மரங்களில் பிறகு மிளகுக்கொடி ஏற்றினார்கள். ஏணி வைத்து ஏறி மிளகு பறித்தவரும் அவர்தான். எந்தச் சரிவில் எத்தனை வரிசை, எந்த வருஷம் பனியில் கன்று கருகியது, மேஸ்திரி யார், கூலி எப்படிக் கைக்கு வந்தது என்று மணிக்கணக்கில் போகிறது. வீட்டுக் காட்டில் சாமையும் ராகியும் விதைத்தது, அந்த நிலத்தில் ஒரு துண்டு பங்காளி கைக்குப் போனது எல்லாம் நடுநடுவே வரும். மேடம் எதிர்பார்த்தது தோற்றக் கதையை, சேர்வராயன் கோயிலை, மே மாதத் திருவிழாவை. தாத்தாவுக்குச் சொல்ல இருந்தது வேலையைப் பற்றி. அறிக்கை தாத்தா பக்கம் சாய்ந்தது. அது நல்லதற்குத்தான் என்பது என் கருத்து. திருவிழாவைப் பற்றி யார் வேண்டுமானாலும் எழுதலாம். அந்தச் சரிவில் யார் கன்று நட்டார் என்று சொல்ல ஒருவர்தான் இருக்கிறார்.

சிக்கல் வந்தது ஒப்புதல் படிவத்தில். துறை கொடுத்த படிவத்தில் தகவல் சொன்னவர் பெயர் மறைக்கப்படும் என்று முன்பே அச்சாகி இருந்தது. அறிக்கையில் “தகவலாளர் 1” என்று வர வேண்டும். அவன் இதைச் சொன்னதும் தாத்தா ஒத்துக்கொள்ளவில்லை. “எம் பேரப் போட்டுரு சாமி. எஸ்டேட்டுக்காரரு பேரு மட்டும் போர்டுல இருக்குது.”

பெயர் எங்கே எழுதப்படுகிறது, எப்படி எழுதப்படுகிறது என்பது அவர்கள் வீட்டில் ஏற்கெனவே பழகிய விஷயம். பழங்குடியினர் பட்டியலில் தமிழ்நாட்டு மலையாளிகள் மாவட்டக் கணக்கில்தான் இடம்பெறுகிறார்கள்: தர்மபுரி, வட ஆற்காடு, புதுக்கோட்டை, சேலம், தென் ஆற்காடு, திருச்சிராப்பள்ளி. நாமக்கல் 1997இல் சேலத்திலிருந்து பிரிந்ததால் அந்த மாவட்டத்துக் கொல்லிமலைக்காரர்களுக்குச் சான்றிதழ் கிடைக்கிறது. ஈரோடு 1979இல் பிரிந்தது கோவையிலிருந்து. கோவை அந்தப் பட்டியலில் இல்லை. அதனால் ஈரோடு மாவட்டத்துப் பர்கூர் மலையில் இருக்கும் மலையாளிகள் சான்றிதழுக்காகப் பல வருஷமாகப் போராடி வருகிறார்கள். காகிதத்தில் ஒரு பெயர் விட்டுப்போனால் என்ன ஆகும் என்று அவனுக்கு யாரும் பாடம் எடுக்க வேண்டியிருக்கவில்லை.

இரண்டு வகுப்பும் முட்டிய இடம்

ஆக, அக்டோபரில் நிலைமை இப்படி இருந்தது. சாருக்கு எல்லாப் பெயரும் வேண்டும், தெரு வேண்டும், கிராம் வேண்டும். மேடத்துக்கு எதுவும் வேண்டாம். தாத்தாவுக்கு சார் சொல்வது பொருந்துகிறது, அம்மாவுக்கு மேடம் சொல்வது பொருந்துகிறது. துறையின் படிவமோ இருவருக்கும் ஒன்று.

தோழிக்கு முன்னால் இருந்த வழிகளை வகுப்பில் ஒவ்வொன்றாகப் பேசினோம். வேலை கொடுப்பவரின் பெயரை மாற்றலாம். ஆனால் அந்தத் தெருவுக்கு டப்பா கொடுப்பவர்கள் விரல் விட்டு எண்ணக்கூடிய சிலர்தான், பெயரை மாற்றியும் பயனில்லை. ராம்புரா விஷயம் அப்போதுதான் எங்களுக்கு உறைத்தது. தெருவை மாற்றி வேறு பகுதி என்று எழுதலாம். அந்தந்தப் பகுதியில் வேலைப் பிரிவு ஒவ்வொரு மாதிரி என்பதால் மற்ற விவரமெல்லாம் பொய்யாகிவிடும். வேலை கொடுப்பவரிடமே போய் அவர் பக்கத்தைக் கேட்கலாம். முறைப்படி அதுதான் நியாயம், அவர் தராசுக்கும் ஒரு விளக்கம் இருக்கலாம். ஆனால் கேட்ட மறு நிமிஷமே யார் வீட்டுப் பெண் என்று தெரிந்துவிடும். இந்த இடத்தில் மேடமும் கொஞ்ச நேரம் பேசாமல்தான் இருந்தார்.

தோழி அந்தத் தராசுப் பக்கத்தை எடுத்துவிட்டாள். கடிகாரம் வைத்துப் பார்த்த சனிக்கிழமையையும் சேதாரக் கணக்கையும் வைத்துக்கொண்டாள். சார் திருப்பிக் கொடுத்தபோது, “உயிரே போயிடுச்சேம்மா” என்றார். கோபமில்லை, வருத்தம். எழுத்து என்று பார்த்தால் அவர் சொன்னது சரி. அந்த அறிக்கையில் இப்போது அம்மா நாள் முழுக்க உழைக்கிறார் என்று தெரிகிறது, எதற்குப் பயப்படுகிறார் என்று தெரியவில்லை. ஆனால் டப்பா வராமல் போனால் அந்த நஷ்டம் சாருக்கு இல்லை, அவளுக்குக்கூட முழுசாக இல்லை. ஆகவே தீர்மானிக்கும் உரிமையும் அம்மாவுடையதுதான் என்று நான் நினைக்கிறேன்.

மலைப் பக்கம் வேறு மாதிரி அவிழ்ந்தது. தாத்தாவின் பெயரைப் போட மேடம் கடைசியில் ஒத்துக்கொண்டார், படிவத்தில் அச்சான வரியை அடித்து ஓரத்தில் அவன் எழுத, தாத்தா கைநாட்டு வைத்தார். ஆனால் தாத்தா பெயர் வந்தால் ஊர் வருகிறது. ஊர் வந்தால் மேஸ்திரி யார், பங்காளி யார் என்று மலையில் எல்லாருக்கும் தெரிந்துவிடும். அவர்கள் யாரும் பெயரைப் போடச் சொல்லவில்லையே. மேஸ்திரி இறந்துவிட்டார், அவரைப் பற்றிக் குறைவாக எதுவும் இல்லை என்பதால் விட்டுவிட்டான். பங்காளித் தாத்தாவிடம் போய் அந்த நிலப் பத்தியைப் படித்துக் காட்டினான். அவர் கேட்டுவிட்டு, “வாங்கல சாமி, போகியத்துக்கு எடுத்தது” என்றார். சொந்தத் தாத்தா விற்றதாகச் சொல்லியிருந்தார். அறிக்கையில் இரண்டையும் எழுதினான், இவர் இப்படிச் சொல்கிறார், அவர் அப்படிச் சொல்கிறார் என்று. பங்காளி பெயரை மட்டும் போடவில்லை. அறிக்கையிலேயே சிறந்த பத்தி அதுதான் என்று சாரும் மேடமும் சேர்ந்து சொன்னார்கள். அவர்கள் ஒரே கருத்துச் சொல்லி நான் கேட்டது அப்போது மட்டும்தான்.

இருவரையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தால், பெயரை மறைப்பதா வேண்டாமா என்பதை ஜூன் மாதம் படிவத்தில் முடிவு செய்ய முடியாது என்று தெரிகிறது. ஜூனில் அம்மாவிடம் கையெழுத்து கேட்டிருந்தால் போட்டிருப்பார், அப்போது தராசு விவகாரமே நடந்திருக்கவில்லை. எதற்குச் சம்மதிக்கிறோம் என்பது எழுதிய பக்கத்தைக் காதால் கேட்டபோதுதான் அவருக்குத் தெரிந்தது. அப்படிப் படித்துக் காட்ட ஒரு பக்கம் கையில் இருந்ததற்குக் காரணம் செவ்வாய்க்கிழமை வகுப்பு. வாரம் ஒரு பக்கம் எழுதாமல் கடைசியில் மொத்தமாக எழுதியிருந்தால், அம்மாவுக்குப் படித்துக் காட்டும்போது அறிக்கை பைண்டிங்கில் இருந்திருக்கும். எங்கள் சீனியர்களின் அறிக்கைகள் பெரும்பாலும் அப்படித்தான், கடைசி வாரத்தில் ஜெராக்ஸ் கடை வாசலில் உட்கார்ந்து எழுதியவை. துறைக்கு நாங்கள் எழுதிக் கொடுத்த ஆலோசனையும் இதுதான்: படிவத்தில் பெயர் பற்றிய வரியைக் காலியாக விட வேண்டும், பருவத்தின் நடுவில் ஒரு வாரத்தைப் படித்துக் காட்டுவதற்கென்றே ஒதுக்க வேண்டும், அதன் பிறகு அந்த வரியை நிரப்ப வேண்டும். பாடத்திட்டக் கூட்டத்தில் வைப்பதாகச் சொல்லியிருக்கிறார்கள்.

நூலகப் பிரதி

வாய்மொழித் தேர்வுக்கு வெளியிலிருந்து வந்தவர் தோழியின் அறிக்கையைப் புரட்டி, மேற்கோள் முறை சரியில்லை என்று மட்டும் சொன்னார். மலை நண்பனிடம், தகவலாளர் பெயரை மறைக்க வேண்டும் என்று தெரியாதா என்று கேட்டார். அவன் அடித்துத் திருத்திய படிவத்தைக் காட்டினான். அவர் கைநாட்டைக் கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு அடுத்த கேள்விக்குப் போனார்.

விதிப்படி ஒவ்வொரு அறிக்கையும் ஒரு பிரதி நூலகத்துக்குப் போக வேண்டும். தோழியின் பிரதியும் போயிருக்கிறது. தராசுப் பக்கம் அவளுடைய இரண்டாவது நோட்டில் இருக்கிறது, அது வீட்டிலும் இல்லை, கல்லூரியிலும் இல்லை. நண்பன் ஸ்பைரல் பைண்டிங் போட்டு ஒரு பிரதியை ஊருக்கு எடுத்துப் போனான். தாத்தாவுக்குப் படிக்கத் தெரியாது, பேத்தி படித்துக் காட்டியிருக்கிறாள். சில்வர் ஓக் நட்டவர்கள் வரிசையில் இரண்டு பேர் விட்டுப் போனதாக அவர் சொல்ல, ஊர்ப் பிரதியில் அவளே பேனாவால் சேர்த்துவிட்டாள். அந்த இருவர் வீட்டிலும் கேட்டுவிட்டுத்தான். நூலகப் பிரதியில் அப்படிச் சேர்க்க நூலகர் விடவில்லை, பதிவேட்டில் ஏறிய பிரதியில் எழுதக் கூடாதாம். துறைத் தலைவர் கையெழுத்தோடு ஒரு திருத்தச் சீட்டு ஒட்டலாம் என்றார். அதற்கான கடிதத்தை நண்பன் கொடுத்திருக்கிறான்.